பஸ் பாதையில் ஒரு செம்புத் தண்ணீர்

இரத்தினபுரி
20.4.1934

அன்பு மகள் ஸாஹிராவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவின் மூட்டுவலியைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை, புத்தளத்தில் நீயும் மருமகனும் உன் மாமியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதானே நம் வழக்கம். ஆனால் நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் இங்கே வந்தபோது நம் கடைவீதியில் மாட்டு வண்டிகளுக்குள் பஸ் மாட்டி, வெயிலில் நீ மயங்கி விழுந்ததை மருமகன் மறக்கவில்லை, பிரசவம் புத்தளத்திலேயே ஆகட்டும் என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் அந்தக் கடிதம் வந்த நாள் தொட்டு உன் உம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை.

இப்போது கேள். கடைவீதியில் நம் கடைப் பக்கமாக பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை விட்டுக் கல் நட்டுவிட்டார்கள், மாட்டு வண்டியெல்லாம் பின்தெருவால்தான் போகவேண்டும். நானும் முதலில் கத்திப் பார்த்தவன்தான், வண்டிக்காரர்கள் நம் கடைவாசல் தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தானே கருவாடும் புகையிலையும் வாங்குகிறார்கள். பாதை திறந்த அன்றே தோட்டத்து வண்டி மாடுகள் பஸ் பாதைக்குள் புகுந்து நேரே நம் தொட்டிக்கு வந்து நின்றுவிட்டன, பின்னால் பஸ் ஊதுகிறது, மாடு காதைக்கூட அசைக்கவில்லை. வண்டிக்கார வீரமுத்துவைப் பிடித்து ஏசினேன். அவனோ, நான் என்னங்க செய்வேன் மொதலாளி, மாடு ஒங்க தொட்டியத்தான தேடி வருது, அதப் போயி ஏசுங்க என்றான். சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. என் மகள் வரும் வழியை என் தொட்டியே மறிப்பதா என்று மறுநாளே ஆள் பிடித்து அதைப் பெயர்த்துப் பின்தெருவில் வைத்தேன். பக்கத்துக் கடை ஜமால்தீன் நானா, சொந்த யாவாரத்துல நீங்களே மண் அள்ளிப் போடுறீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். போகட்டும், கடையின் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், மாடு வந்தால் வண்டிக்காரனும் வருவான்தானே.

நேற்று உம்மா ஒரு வேலை செய்தாள். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை பஸ்ஸில் வந்தாள். கடைவீதியில் பஸ் ஓர் இடத்திலும் நிற்கவில்லை, பாலத்து மேட்டில் மட்டும் கொஞ்சம் சிந்திற்று. நனைந்த புடவையோடு இறங்கி, இவ்வளவுதான் குலுக்குது, புள்ளய வரச் சொல்லி எழுதுங்க என்றாள். டிரைவர் நுஹ்மானும் முன் ஆசனத்தை உனக்கென்று ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மருமகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லு. பாரம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகள், அவர் இன்னும் தயங்கினால், அதே பாதையில் ரயில் ஸ்டேஷனுக்கும் பஸ் போகிறது என்று சொல்லு. உம்மா தன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு உன் வாப்பா,
முஹ்ஸின்