ஆறு முக்காலியும் ஒரு பீப்பாயும்

அக்டோபர் 22, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குத் துணியை இயந்திரத்தில் போட்டேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று மகள் துன்யாவிடம் சொல்லிவிட்டுக் கார் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மணி இரண்டரை. துணி இயந்திரத்துக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் பீன்ஸ் சூப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். குனிந்து சாப்பிட உட்கார்ந்தால் என் தலையிலிருந்து மரத்தூள் அதில் கொட்டுகிறது.

"பரவால்ல, சாப்பிடு. நார்ச்சத்து" என்றாள். பதினாறு வயசுக்கு இந்த வாய் அதிகம்.

ஆனால் இன்று ஏழாவது கால் முடிந்தது. ஓக் மரம், அடியில் மெலிந்து, நடுவில் லேசாகப் பருத்து... அதைத் தடவிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஆறு முக்காலிக்குப் பதினெட்டுக் கால். பதினொன்று பாக்கி.

அக்டோபர் 25

என் கணவன் ரதோமிர் இன்று முடிவாகச் சொல்லிவிட்டான். மார்ச்சில் கடைசல் இயந்திரம் வந்ததிலிருந்து எங்கள் கார் தெருவில் நிற்கிறது. விடியற்காலை முதல் பேருந்தை ஓட்டப் போகிறவன், குளிர்காலம் முழுக்கக் கண்ணாடியில் உறைபனி சுரண்ட வேண்டும். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

"நிக்கோலா நாள் வரைக்கும் டைம், விதா. உன் முக்காலிய முடிச்சுக்கோ. மறுநாள் கார் உள்ள, மெஷின் வெளிய."

"வெளியன்னா எங்க?"

"விக்கிறியோ, பாட்டு பாடித் தூங்க வைக்கிறியோ, உன் இஷ்டம்."

டிசம்பர் 19. எண்ணிப் பார்த்தேன், எட்டு வாரம்கூட இல்லை.

அக்டோபர் 29

அந்த நாள் அவனுக்கு எவ்வளவு பெரியது என்று இங்கே எழுதி வைக்கிறேன். மரத்தைப் பார்த்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது.

புனித நிக்கோலா அவர்கள் குலத்தைக் காக்கும் புனிதர். அவர் நாளில் கொண்டாடும் ஸ்லாவா விருந்து இத்தனை வருடமும் மாமனார் வீட்டில்தான் நடந்தது. இந்த வருடம் மாமனார் புனிதர் படத்தையும் மெழுகுவர்த்தித் தண்டையும் துணியில் சுற்றி மகன் கையில் கொடுத்துவிட்டார். முதல்முறையாக எங்கள் வீட்டில். யாரையும் அழைக்க மாட்டோம்; வருகிறவர்கள் வருவார்கள். இருபது பேரோ நாற்பது பேரோ. வீட்டில் இருப்பது எட்டு நாற்காலி, அதில் ஒன்று உட்கார்ந்தால் முனகும். முக்காலிக்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை.

ஆகஸ்டிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. மீன் யாரிடம் வாங்குவது, எந்தப் பாதிரியார், எந்தக் கோப்பை. நேற்றுக் கண்ணாடி முன்னால் நின்று வரவேற்றுப் பழகுவதைப் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நவம்பர் 4, சனி

முட்டைகோஸ் நாள். இந்த ஒரு வேலையில் ரதோமிர் யாரையும் தொட விடமாட்டான். அறுபது தலை, தண்டைக் குடைந்து குழியில் உப்பு அடைத்து, பீப்பாயில் புளிக்க வைக்க ஒன்றன்மேல் ஒன்றாக அவனே அடுக்குவான். ஸ்லாவாவுக்கு உள்ளே பூரணம் வைத்து சர்மா சுற்றும் இலையெல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும்.

என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கோஸ் மிதக்காமல் அமுக்கி, மேலே கல் வைக்கும் குறுக்குக் கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டதாம். "ரெண்டு சட்டம், அவ்வளவுதான். எந்தக் கட்டையா இருந்தா என்ன?"

எந்தக் கட்டையாக இருந்தால் என்னவா! வால்நட் பலகைத் துண்டு ஒன்று எடுத்துவைத்திருந்தேன். இழைத்து, ஓரத்தை உருட்டி, நடுவில் எட்டுத் திருகாணி போட்டு முடுக்கினேன். இவ்வளவு அழகான பொருளை உப்புத்தண்ணீருக்குள் மூழ்கடிக்க மனசே வரவில்லை.

நவம்பர் 6

ரதோமிர் வியன்னா பாதைக்கு மாற்று ஓட்டுநராகப் போயிருக்கிறான், இரண்டு வாரம். போகும்போது மூன்று தடவை சொன்னான்: ஒன்றுவிட்டு ஒருநாள் பீப்பாயின் அடிக்குழாயில் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்ற வேண்டும். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

நவம்பர் 8

ஊற்றினேன்.

நவம்பர் 10

ஊற்றினேன். பதினாலாவது காலும் முடிந்தது. துன்யாவின் உடற்பயிற்சி உடுப்பைத் துவைக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 15

பதினெட்டும் முடிந்தன! உட்காரும் பலகையில் துளை போடும்போது ஒரு பலகை விரிசல் விட்டது. வாயில் வந்ததை நல்ல வேளை யாரும் கேட்கவில்லை. வேறு பலகை அறுத்தேன். அலமாரிக் கதவு இன்னும் ஒரே கீலில்தான் தொங்குகிறது. அது கோடையிலிருந்தே அப்படித்தான்.

நவம்பர் 18

ஐயோ.

எட்டு நாளாகத் தண்ணீர் மாற்றி ஊற்றவில்லை. இன்று நினைவு வந்து ஓடிப்போய் மூடியைத் திறந்தால் கறுப்பு. லேசான கறுப்பு இல்லை, மசி. மேலே இருக்கும் கோஸெல்லாம் சாம்பல் நிறம். குடலைப் பிடுங்கும் நாற்றம். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன், வேப்பங்காயாகக் கசந்தது.

ஊற்ற மறந்ததால் மட்டும் இல்லை. வால்நட் மரத்தின் துவர்ப்பு, அதில் இரும்புத் திருகாணி, சுற்றிலும் புளித்த உப்புத்தண்ணீர். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் மசி. பத்தாம் வகுப்புக்கு நானேதான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இருபத்திரண்டு வருஷமா வேதியியல் சொல்லிக் குடுத்துக் கிழிச்சது இதுக்குத்தானா? துவர்ப்பு குறைந்த பீச் மரத்தில் ரெண்டு சட்டத்தைக் கயிற்றால் கட்டியிருந்தால் போதும். அழகு வேணும் அழகு, உனக்கு எதுக்குடி அழகு!

புதிதாகப் போட்டால் முழுத்தலை ஊற ஆறு வாரம் ஆகும். இருப்பது நான்கரை.

நவம்பர் 20

ரதோமிர் வந்துவிட்டான். வந்ததும் "கோஸ் எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 22

இன்றும் சொல்லவில்லை. வீட்டிலுள்ள இஸ்திரி வேலை மொத்தமும் முடித்தேன். திரைச்சீலையைக்கூட விடவில்லை. துன்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, என்ன தப்பு பண்ணின?" என்றாள்.

நவம்பர் 24

காலையில் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல், வால்நட்டிலிருந்து எட்டு நாள் வரை எல்லாம்.

அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "தெரியும். வந்த அன்னைக்கே திறந்து பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ எப்ப சொல்லுவேன்னு பார்த்தேன். நாலு நாள் ஆச்சு, விதா."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து சட்டை மாட்டியவன் வாசலில் நின்று, "ஆணி எத்தனை?" என்றான்.

"திருகாணி. எட்டு."

"கணக்கா வேற போட்டிருக்க" என்றான். சிரிக்கவில்லை. போய்விட்டான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோஸ் போனதற்கு இல்லை, அந்த நான்கு நாளுக்கு. கண்ணாடி முன் நின்று பழகிய மனிதன் அவன்.

நவம்பர் 26

தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புளித்த கோஸ் கேட்கத் தெருவில் இறங்கிவிட்டேன். கடையில் வாங்கலாம்தான். ஆனால் கடைக் கோஸில் சர்மா சுற்றினால் மாமியார் ஒரு கடியில் கண்டுபிடிப்பார், ரதோமிர் தலைகுனிவான்.

முதலில் எதிர்வீட்டு கொசாரா அக்கா. என்னைப் பார்த்ததுமே இடுப்பில் கை வைத்தார். "வாம்மா தச்சரே. இரும்பும் வால்நட்டும் சேர்த்து ஊறுகாய் போட்டியாமே?"

"துன்யா சொன்னாளா?"

"நாத்தம் சொல்லுச்சு. ஒரு வாரமா நம்ம வேலி தாண்டி வருது."

கடைசியில் நான்கு தலை எடுத்துக் கொடுத்தார். கையோடு சமையலறை இழுப்பறையைக் காட்டினார். இரண்டு வருடமாகச் சிக்குகிறதாம். சட்டைப்பையில் எப்போதும் சின்ன இழைப்புளி இருக்கும். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. அவர் இழுத்துத் தள்ளி, இழுத்துத் தள்ளி, இன்னும் இரண்டு தலை வண்டியில் வைத்தார்.

டிசம்பர் 3

ஒன்பது வீடு, நாற்பத்தியொரு தலை. நான்கு கதவு, ஏழு இழுப்பறை, ஒரு கோழிக்கூண்டு, கால் ஆடும் ஒரு கட்டில் (எப்படி உடைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை).

ரதோமிர் இப்போது பேசுகிறான். "ஊர்ல உள்ள கதவெல்லாம் சரியாச்சு. நம்ம அலமாரிக் கதவு மட்டும் இன்னும் தொங்குது."

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளருமாம்."

"பிள்ளை வளரும். கதவு தானா மாட்டிக்காது."

மாட்டிவிட்டேன். ஆறு நிமிட வேலை. ஆறு மாதம் தள்ளிப்போட்டது.

டிசம்பர் 9

கெட்ட பீப்பாயைக் கொட்டிக் கழுவப் போனேன். கொட்டும்போது கறுப்புத் தண்ணீர் தெறித்து ஒரு முக்காலிக் காலில் விழுந்தது. துடைப்பதற்குள் ஓக் கறுத்துவிட்டது. சும்மா கறுப்பில்லை, ஆழமான, மரத்தின் ரேகை தெரிகிற கறுப்பு. அப்படியே நின்றுவிட்டேன். அதே பாடம்தான், மறுபக்கம்.

தூரிகையை எடுத்தேன். ஆறு முக்காலிக்கும் அடித்தேன். மதியச் சமையலையும் மறந்தேன். ஆனால் இந்தத் தடவை துன்யாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன்: "நான் மறந்துடுவேன். பன்னிரண்டு மணிக்கு வந்து கத்து." சொன்னபடி வந்து கத்தினாள்.

டிசம்பர் 14

ஒரு சிக்கல். காய்ந்த முக்காலிகளில் உப்புப் பூக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி துடைத்தேன். உப்பு போய்விட்டது. நாற்றம் போகவில்லை. மூக்கை வைத்தால் பச்சையாகப் புளித்த கோஸ். வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் எங்கே இருக்கிறது?

ரதோமிர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "அழகாத்தான் இருக்கு" என்றான். அவன் கஷ்டப்பட்டுச் சொன்னது தெரிந்தது.

டிசம்பர் 17

நோன்பு காலம், இறைச்சி கிடையாது. அரிசியும் காளானும் வால்நட் பருப்பும் வைத்து நூற்றைம்பது சர்மா சுற்றினோம், நானும் துன்யாவும் கொசாரா அக்காவும். ரதோமிர் ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கொட்டகைப் பக்கம் நான் இன்று போகவே இல்லை. கைதான் அரித்தது.

டிசம்பர் 20

நேற்று எழுத நேரமில்லை. முப்பத்தேழு பேர்.

ஸ்லாவா அன்று வீட்டுத் தலைவன் உட்காரக்கூடாது. கடைசி விருந்தாளி போகும்வரை நின்றுகொண்டே உபசரிக்க வேண்டும். காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஒயின் ஊற்றியதிலிருந்து ரதோமிர் நின்றான். கண்ணாடி முன் பழகியது ஒன்றும் வாசலில் நின்றபோது வாயில் வரவில்லை. "வாங்க, வாங்க, உள்ள வாங்க," அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

சர்மா மேசைக்கு வந்ததும் வேடிக்கை தொடங்கியது. கொசாரா அக்கா ஒன்றைக் கடித்து, "இது என்னோடது" என்றார். பக்கத்திலிருந்தவர், "இல்ல, இது எங்க வீட்டு உப்பு, எனக்குத் தெரியாதா" என்றார். தெருவே தன் தன் கோஸைத் தேடித் தின்றது. மாமியார் நான்கு தின்றுவிட்டு மகனைப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ருசியா இருக்கேடா. எத்தனை பீப்பாய் போட்ட?"

ரதோமிர் என்னைப் பார்க்காமலே, "இந்த வருஷம் தெருவே சேர்ந்து போட்டதும்மா" என்றான்.

"அதான் பார்த்தேன். நல்லா இருக்கு." பிறகு நிமிர்ந்து மூச்சை இழுத்தார். "வீடெல்லாம் புளிச்ச கோஸ் மணம். ஸ்லாவா வீடுன்னா இப்படித்தான் இருக்கணும்."

அவர் உட்கார்ந்திருந்தது என் முக்காலியில். துன்யா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள்.

எல்லோரும் போன பிறகு ரதோமிர் கூடத்தின் நடுவில் நின்றான், என்ன செய்வதென்று தெரியாதவன்போல. நான் ஒரு முக்காலியை அவன் பின்னால் தள்ளினேன். காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தான். இருந்த இடத்தில் அசைந்து பார்த்தான்.

"ஆடல" என்றான்.

"மூணு காலு. ஆடாது."

காலணியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

டிசம்பர் 21

இன்று அவன் வேலைக்குப் போனதும் கொட்டகையைக் காலி செய்யத் தொடங்கினேன். சொன்ன சொல் சொல்தான். நிக்கோலா நாள் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உளிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கடைசல் இயந்திரத்தின் தரைப்பிடியில் இரண்டு திருகாணி கழற்றினேன். மூன்றாவது கழலவில்லை. நான் ரொம்ப முயலவும் இல்லை. அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு போய்ப் பாத்திரம் கழுவினேன். முப்பத்தேழு பேருடைய பாத்திரம்.

டிசம்பர் 22

கழற்றி வைத்த இரண்டு திருகாணியும் இன்று காலை அதனதன் இடத்தில் முடுக்கப்பட்டிருக்கின்றன. நான் முடுக்கவில்லை.

வாசலில் கார் நிற்கிறது. அதன்மேல் பனி படாமல் மூடும் புத்தம்புதிய உறை, மடிப்புகூட இன்னும் கலையவில்லை.