கூடுதல் ஐந்து நிமிடம்

அன்புள்ள இருசுவுக்கு,

லூபோக் சீனா ஊரில், அத்தை வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அன்று காலை இடுப்பு வலிக்கிறது என்றாய். மெர்லிமாவ் ஊர் மருத்துவச்சியோடு சாயங்காலம் ஆறு மணிக்குள் வரச் சொன்னாய். நான் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடி, முட்டி போனதும் கோச் ஆனவன். அன்று சாயங்காலம் எங்கள் ஆட்டம் சமன் என்றதும், கூடுதல் ஐந்து நிமிடத்துக்கும் இருந்துவிட்டேன். ஜெயித்தோம்.

ஆறு மணியிலிருந்து ஊரடங்கு என்று, நம் வீடிருக்கும் தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். "மருத்துவச்சி வந்திருக்காங்க லா, தொறங்கண்ணே!" என்று காவலரிடம் கெஞ்சினேன்.

"ஆர்டர் இல்ல, தம்பி."

கம்பிவேலிக்கு வெளியே மருத்துவச்சியோடு நின்றேன். உன் குரல் மட்டும்தான் கேட்டது. பிள்ளையின் அழுகை கேட்கவில்லை.

இப்போது ஐந்து மணிக்கே பயிற்சி ஆட்டத்தை நிறுத்தி விசில் ஊதிவிடுகிறேன். "ஜெயிக்கிற நேரத்துல ஏன் மாஸ்டர்?" என்கிறார்கள் ஆட்டக்காரர்கள். ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறேன். தொட்டிலுக்கு நீ மடித்துவைத்த சாரோங் துணியை நான் தொடவில்லை.

இப்படிக்கு,
இப்போதெல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகிறவன்