சர்க்கரை டப்பாவில் இருக்கும் மாத்திரைகள்

பாப்பா,

கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூட அம்மா நாலு ஸ்பூன் சூப் குடித்துவிட்டு, "வயித்தை வெட்டினப்போ பசியையும் சேர்த்து எடுத்துட்டாங்க போலிருக்கு" என்று சிரித்தாள். எடை குறையத்தானே அந்த வயிற்று ஆபரேஷன், குறைகிறதே என்று நானும் சிரித்தேன்.

பதினோரு மணிக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குச் சாப்பாடும் மாத்திரையும் எழுதிக்கொடுத்த டயட்டீஷியன் துக்கம் விசாரிக்க வருகிறார். "வைட்டமின் மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டும் அம்மா எப்படி சத்தில்லாம செத்துப்போனாங்க?" என்று அவரைக் கேட்கப்போவதாக நேற்று சொன்னாய். கேட்காதே. அம்மா போடவில்லை. விழுங்கியதெல்லாம் வாந்தியானதால் நிறுத்திவிட்டாள். நீ தினமும் வீடியோ காலில் மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொல்வாய். "காலியா இல்லேன்னா கத்துவா, எடுத்துடுங்க" என்பாள். எடுத்து சர்க்கரை டப்பாவில் போடுவேன். அவள் நடை தள்ளாடியபோதும் களைப்பு என்றே நினைத்தேன்.

நேற்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கோபத்தை என்னிடம் காட்டு.

ஆஸ்பத்திரியில் விட்டுவந்த அவள் துணிகளை வாங்கிவரப் போகிறேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

அப்பா

பி.கு. அந்த டப்பாவை டயட்டீஷியனிடம் காட்டு. சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. அம்மா கையெழுத்தில் இன்னும் 'சர்க்கரை' என்றுதான் எழுதியிருக்கிறது.