தீர்த்தத்தோடு விழுங்கிய குளிசை

வவுனியா
10.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். மருந்தியல் சோதனையில் முப்பத்தெட்டுப் புள்ளி. குளிசைகளின் பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. எது எந்த நோய்க்கு என்று மனதில் நிற்குதில்லை. தாதி வேலை எனக்குச் சரிவராது. மாத முடிவில் விலகி வரட்டுமா? அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கோ.

உங்கள் மகள்
யதுர்ஷிகா

ஒட்டுசுட்டான்
17.11.2024

என் செல்ல யதுவுக்கு,

பிள்ளையார் துணை. உன் புள்ளியைக் கேட்டு அப்பா, "நான் எட்டாம் வகுப்பில எடுத்ததைவிடக் கூடத்தானே" என்றார். வருவதென்றால் வா. எனக்குக் கொத்தமல்லி அவிக்க ஆளாகும். வறட்டு இருமல் விடுகுதில்லை. மார்கழிப் பூசைக்குப் பதிகம் பாடுவதை வடிவம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதினாறு வருடம் நான் பாடியது. அதுதான் கவலை.

கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறேன். ஒக்டோபர் 3 இல் இருமல் தொடங்கியது. சளி, காய்ச்சல் இல்லை. சாம்பிராணியை ஒரு கிழமை நிறுத்தினேன், குறையவில்லை. தயிரை நிறுத்தினேன், அதற்கும் இல்லை. புதிதாக வந்தது செப்டெம்பர் 19 இல் கிளினிக்கில் தந்த பிறசர்க் குளிசை, எனலாபிரில். அதைக் கோயில் தீர்த்தத்தோடு விழுங்குவதால் அதில் பிழை வர இடமில்லை. இருமலைக் கிளினிக்கில் சொல்லவில்லை. சயரோகமோ என்று சளி சோதிக்க அனுப்புவார்கள், ஊர் கதைக்கும்.

அம்மா
அன்னபாக்கியம்

வவுனியா
21.11.2024

அம்மா,

தீர்த்தத்தில் பிழை இல்லை. குளிசையில்தான். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். இரத்தக் குழாயை இறுக்கும் பொருள் ஒன்று உடம்பில் உருவாக ஒரு நொதியம் வேண்டும். எனலாபிரில் அந்த நொதியத்தை மறிக்கும், பிறசர் இறங்கும். ஆனால் பிராடிகைனின் என்ற இன்னொன்றைத் துப்புரவாக்குவதும் அதே நொதியம்தான். கூட்டுகிற ஆள் வராவிட்டால் குப்பை சேரும்தானே? அது சுவாசக் குழாயில் சேர்ந்து சிலருக்கு வறட்டு இருமல் வரும்.

நீங்களாக நிறுத்தவேண்டாம், பிறசர் ஏறிவிடும். கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கோ.

விலகல் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. மறு சோதனை பெப்ரவரி 11 இல்.

யது

ஒட்டுசுட்டான்
06.01.2025

யதுவுக்கு,

டொக்டர் கொப்பியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஆரம்மா இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "என்ர மகள். மருந்துப் பாடத்தில பெயில்" என்றேன். சிரித்துக்கொண்டே குளிசையை மாற்றித் தந்தார். பதினெட்டாம் நாள் இருமல் நின்றது. நேற்று விடியப் பூசைக்கு நானே பாடினேன். வடிவம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தாளம் போட்டா.

கொப்பியில் இருமல் பக்கத்தின் அடியில் பெப்ரவரி 11 ஐக் குறித்துவிட்டேன். புதுக் குளிசையையும் தீர்த்தத்தோடுதான் விழுங்குகிறேன். பெயர் லோசாட்டன். அது எந்த வழியால் பிறசரை இறக்குகிறது என்று எனக்கு எழுது. புத்தகத்தைப் பார்க்காமல் எழுது.

அம்மா