பாறணைக்குப் பதினொரு கறி

19 ஒக்டோபர் 2024, சனி

வெள்ளவத்தைக் கடல் இன்று என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. காரணம் என் புடலங்காய். நேற்று முழங்கை நீளம். இன்று நுனி தரையைத் தொட்டுவிட்டுப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறது. இன்னொரு மழை பெய்தால் மரைன் டிரைவில் இறங்கி, ரயில் பிடித்துப் பம்பலப்பிட்டிக்குப் போய்விடும்.

கத்தரி, வெண்டி, பாகல், பயற்றை, பசளி — பெயின்ட் வாளிகளிலும் உரப்பைகளிலும் நான் நிறுவிய சாம்ராஜ்யம் ஐப்பசி மழையில் ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளுகிறது. ஒரே குறை: சாம்ராஜ்யத்தின் தரை அக்காவுக்குச் சொந்தம். வீடு இரத்தினம்மா பெயரில். நான் மேல் அறையில் குடியிருக்கும் அறுபத்திரண்டு வயதுத் தம்பி.

மத்தியானம் சோறு போடும்போது சொன்னாள்: "மழை விட்டதும் மொட்டை மாடியில ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விடப்போறன். உந்த வாளியளை இறக்கு."

"அக்கா, உலகம் பட்டினி கிடக்கும்!"

"உலகம் சந்தைக்குப் போய் வாங்கும். நீ இறக்கு."

22 ஒக்டோபர்

போர்ப் பிரகடனம் செய்துவிட்டேன்.

அக்கா கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டுந்தான். ஏழாம் நாள் காலையில் பாறணை — விரதம் முடிக்கிற சோறும் கறிகளும். நான் அறிவித்தேன்: "இந்த முறை கடை மரக்கறி ஒண்டும் வேண்டாம். எல்லாம் என்ர தோட்டம். பதினொரு கறி! ஏலாட்டி வாளியளை நானே இறக்கிறன். ஏலுமெண்டா அறை கட்டக் கூடாது."

அக்கா சிரித்தாள். ஆனால் ஓம் என்றாள். அவள் மகள் ரதிதான், "மாமா, முதல்ல ஒரு கறிக்கு வழி பாருங்கோ" என்றாள். வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குக் கற்பனை கிடையாது.

27 ஒக்டோபர்

என் வெற்றியின் இரகசியம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு றோஸி, மீன் கழுவிய தண்ணீரை வாளியில் நீட்டுவாள். பாரை கழுவியது கத்தரிக்கு, இறால் கழுவியது பாகலுக்கு. அக்கா மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவள்; ஆனால் அவள் முழங்கால் இந்தப் படிகளில் ஏறாது. மணத்தைக் கடல் காற்று கொண்டுபோய்விடும். யாருக்கு என்ன நட்டம்?

2 நவம்பர்

அக்கா விரதம் தொடங்கினாள். அவளுக்குத் துணையாக நானும் ஒரு நேரம் பட்டினி. (பின்னேரத் தேத்தண்ணீருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம்.)

5 நவம்பர், செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு!

அக்கா முற்றத்தில் முருகனுக்குச் செடியிலிருந்து பூ ஆய்ந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலால் றோஸியின் தலை. "அண்ணே! விரதம் எண்டு மூணு நாள் தரல்ல. செடியெல்லாம் வாடிருமே, பாவம். இந்தாங்க, பாரைத் தண்ணி."

நல்ல மனுசி. நான் கையைக் காட்டுறன், கண்ணைக் காட்டுறன் — விளங்கினால்தானே!

அக்கா பூத்தட்டைக் கீழே வைத்தாள். "டேய். அந்தக் கத்தரிக்காயோ நான் பாறணைக்குத் தின்னப் போறன்?"

வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "அக்கா, கடை மரக்கறிக்கு என்ன போடுறாங்கள் எண்டு நினைக்கிறாய்? கோழி எரு!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இவ்வளவு வருசமும் நான்..."

ஒரே வசனத்தில் இலங்கையின் மரக்கறி முழுவதையும் மச்சமாக்கிவிட்டேன். இந்தச் சாதனையை வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

6 நவம்பர்

அக்கா, பாறணைக்கு வெறுஞ்சோறும் உப்பும் போதும் என்று ரதியிடம் சொல்லியிருக்கிறாள். ரதி என்னை முறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஐந்து நாளாகப் பட்டினி கிடக்கிறவளுக்கு நான் செய்த வேலையா இது? வாளிகளை இறக்கத் தொடங்கினேன். இரண்டு வாளியோடு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. பேரரசுகள் இப்படித்தான் சரிந்திருக்க வேண்டும் — நாரிப் பிடிப்பில்.

7 நவம்பர், வியாழன்

சூரன்போர் பார்த்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்தவள் நேரே படியேறினாள். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துப் பிடித்து, மூச்சு வாங்கி. பின்னால் ரதி குடையோடு. அக்காவின் கையில் மஞ்சள் கரைத்த செம்பு.

"மனிசர் முழுகினாத் துடக்கு, தீட்டெல்லாம் போகுதெல்லே? உதுகளையும் முழுக வார்."

"மழையே ஊத்துதே, அக்கா?"

"மழையில மஞ்சள் இல்லை."

வார்த்தேன். பிடித்த நாரியோடே வாளி வாளியாகக் கீழிருந்து சுமந்து, மஞ்சள் கலந்து வார்த்தேன். "கத்தரிக்குத் தலையில ஊத்து. அடியில மட்டும் ஊத்தி ஏமாத்தாதை!" கொழும்பின் வரலாற்றில் கத்தரிச் செடிக்கு முழுக்காட்டிய முதல் மனிதன் நான்.

முடிந்தபின்னும் அவள் இறங்கவில்லை. பாகற்பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவு காய்ச்சிருக்கெண்டு ஏன்ரா சொல்லேல்லை?"

ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

8 நவம்பர்

பாறணை. எட்டுக் கறி. ரசத்தையும் பச்சடியையும் சேர்த்தால் பத்து. சமைக்க உதவிய என் வியர்வையையும் சேர்த்தால் பதினொன்று.

அக்கா இலையில் எண்ணினாள். "எட்டு."

பிறகு பாகற்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். அறை விசயத்தை நான் கேட்கவில்லை. எனக்குப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

20 நவம்பர், புதன்

மேசன் அளவு நாடாவோடு வந்தார். நான் வெண்டிகளுக்குப் பின்னால் நின்றேன். ஒளியவில்லை, கண்காணித்தேன்.

மனிதர் மாடிக்கு வரவேயில்லை. படிக்கட்டுச் சுவரை மட்டும் கீழிருந்து மேல்வரை அளந்தார்.

"பாஸ், அறைக்கு அளவு எடுக்கேல்லையோ?"

"என்ன அறை? அம்மா கைபிடிக்கக் கம்பி அடிக்கத்தானே சொன்னவ."

கீழேயிருந்து அக்காவின் குரல்: "டேய், பயற்றங்காயை முத்த விடாதை! கம்பி அடிச்சதும் நான் வந்து ஆயிறன்."

வாளிகளை ஒதுக்கி, பயற்றைப் பக்கம் ஒரு ஆள் நடக்க வழி விட்டிருக்கிறேன்.