மூன்று விரல் நுழைந்த ஷூ

ஆம்பூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முட்டியை மட்டும் அதில் சேர்க்காதே. உன் சௌக்கியத்தை அப்பா வாயால்தான் தெரிந்துகொள்கிறேன், இருபது நாளாக நீ அவரிடம் மட்டும்தானே பேசுகிறாய். உன் போன் வந்தால் அவர் மாடிக்கு ஓடிவிடுகிறார், என்னவோ நான் ஒட்டுக்கேட்பேன் என்பதுபோல. கேட்கத்தான் செய்கிறேன், ஒன்றும் காதில் விழுவதில்லை. அவருக்குச் சர்க்கரை கம்மியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், அதைக் கொண்டாட அன்று சாயந்திரமே ஜாங்கிரி வாங்கிவந்துவிட்டார், நீயே கண்டித்து வை. போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உங்கள் அயர்லாந்துக்கு நம் தெரு நர்ஸ் பெண் ஒருத்தி புதன்கிழமை கிளம்புகிறாள், அவளிடம் இந்தக் கடிதமும், ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பாவும், குடியாத்தம் லுங்கி இரண்டும் கொடுத்துவிடுகிறேன். லுங்கி யாருக்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. உன் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற நம் பக்கத்துத் திமிரி ஊர்ப் பிள்ளை இளம்பரிதியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான், உனக்கு வயது முப்பதாகிறதே. அவர் எந்தச் சாமியையும் கும்பிட மாட்டார், கல்யாணத்துக்கு ஐயரும் வைக்க மாட்டார் என்றதும்தான் எனக்கு ஏறிவிட்டது. சாமி பயம் இல்லாதவன் இன்னா வேணா செய்வான், அவன நம்பி உன்ன எப்படிக் குடுக்கறது என்று கத்தினேன். அவர் ஒருநாளும் என்கிட்ட பொய் சொன்னதில்லம்மா என்று நீ சொல்லச் சொல்லப் போனை வைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனியில் ஒன்று நடந்தது, அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. என் லைனில் இப்போது சின்னக் குழந்தைகள் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறோம். மெஷினில் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே என் வாயால் கேட்டிருக்கிறாய், உடைந்த துண்டெல்லாம் கிடைத்து ரெஜிஸ்டரில் ஒட்டி முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி, ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தித் தேட வேண்டும். அன்று பூரணி என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணின் ஊசி உடைந்து நுனி மட்டும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே டார்கெட் பின்தங்கியிருந்தது, அவள் வேறு அழுகிறாள், ஊசி கொடுக்கிற மெக்கானிக் சுப்பராயன் டீ குடிக்கப் போயிருந்தார். பழைய துண்டுகள் போட்டு வைத்திருக்கும் டப்பாவிலிருந்து வேறொரு நுனியை எடுத்து ஒட்டி, எல்லாம் கிடைத்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று கேள். நான்தான். சூப்பர்வைசர் அமிர்தவள்ளி, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள், வருஷா வருஷம் சோளிங்கர் மலைக்குப் போகிறவள். இன்னா வேணா செய்வான் என்று யாரையோ சொன்னேனே, செய்தது நான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, நரசிம்மா, தெரிஞ்சே செஞ்சிட்டேன், மன்னிச்சிடு, இந்த வாட்டி உன் மலைக்கு ரோப் கார்ல வராம படி ஏறியே வர்றேன் என்று வேண்டிக்கொண்டேன். மன்னித்துவிட்டார். அவர் எங்கே மன்னித்தார், அவர் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன், அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் உள்துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதே ஆர்டரில் ஒரு ஷூவை எடுத்துக் கையை விட்டேன். மூன்று விரல்தான் நுழைந்தது. அதற்குள் ஒரு குழந்தையின் ஐந்து விரலும் போக வேண்டும் தீபா. நேராகச் சுப்பராயனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோயில் வாசலையே மிதிக்காத மனுஷன், பதினைந்து வருஷமாக நான் அவரை நாத்திகரே என்றுதான் கூப்பிடுவேன். திட்டுவார் என்று நின்றால், எத்தினி பெட்டிம்மா என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு பெட்டி பேக்கிங்கில் இருந்தது, மத்தியானம் லாரி. பக்கிள் வைத்த ஷூ என்பதால் மெட்டல் டிடெக்டர் எல்லாவற்றுக்கும்தான் கத்தும், கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். பேக்கிங்கில் இருக்கும் ரஃபத் ஜஹான் நோன்பு, எச்சில்கூட விழுங்காமல் எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். நீ போய் உக்காரு, நோன்பு வேற என்றேன், அல்லா பாத்துனுதானே இருக்கான், எப்படி உக்காருவேன் என்றாள். மேல யார் பாக்கறாங்களோ எனக்குத் தெரியாது, ஒரு கொழந்த காலு இருக்குது, அது தெரியும் என்றார் சுப்பராயன். இரண்டு பேருக்கும் அதில் சண்டை ஒன்றும் இல்லை, கை பாட்டுக்கு வேலை செய்தது. ஏழாவது பெட்டியில், பஞ்சுக்கும் துணிக்கும் நடுவில், என் மோதிர விரலில் சுருக்கென்று குத்தியது. அரிசி நொய் அளவுதான் இருக்கும். ரத்தம் வந்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் மேனேஜரே ஓடிவந்துவிட்டார். பிறகு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், நியாயம்தானே.

இதனால் உன் அம்மா மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே, இன்று காலையும் விளக்கேற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குச் சாமி வேண்டும், பேசுவதற்கு ஆள் வேண்டுமே. ஊரில் எல்லோரும் சாமியை விட்டுவிட்டால் ஊரே கெட்டுப்போகும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் எங்கள் லைனில் நூறு பேர், யாருக்கு எந்தச் சாமி, யாருக்கு ஒன்றுமே இல்லை என்று பார்த்துக்கொண்டா எங்கோ ஒரு தாய் தன் குழந்தைக்கு அந்த ஷூவை வாங்கி மாட்டுகிறாள்? உன்னிடம் அப்படிப் பேசியது தப்பு. பெரியவள் என்று பார்க்காமல் மன்னித்துவிடு கண்ணு, அவரிடமும் சொல்.

கல்யாணத்துக்கு ஐயர் வேண்டாம் என்றால் வேண்டாம், மாலை மாற்றிக்கொள்ளுங்கள், சாப்பாடு மட்டும் நான் சொல்கிறபடிதான். வரும்போது என்னோடு சோளிங்கருக்கு அவரும் வரட்டும், வேண்டிக்கொண்ட படியை ஏறப் பை தூக்க ஆள் வேண்டும். உள்ளே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன். நாம் கும்பிட்டுவிட்டு வரும்வரை வாசலில் நம் செருப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். மாப்பிள்ளையை நம்பி விட்டுவிட்டுப் போவேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். இதைப் படித்த அன்று ராத்திரியே போன் செய், என் நம்பருக்கு. லுங்கி அவருக்குத்தான், முதல் தடவை தனியாக நனைக்கச் சொல், சாயம் போகும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. அமிர்தவள்ளி