திங்கட்கிழமை வாசிப்பு

ஆவணி 4, திங்கள்

காற்று. காலையிலிருந்து கரிசல் புழுதி. நோட்டை ஊதி ஊதி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. தீரட்டும். ஆடு மேய்த்து, போன வருஷம் வரை கைநாட்டு வைத்த கை இது. இன்று எழுதுகிறது. நானே என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் செல்வத்தின் ஆபீசில் திங்கட்கிழமைக் கூட்டம். கடலைமிட்டாய்க் கடைக்கு மேல் மாடி. கீழே பாகு வாசனை, மேலே கம்ப்யூட்டர்கள். கடைக்காரர்கள் கணக்குப் பார்ப்பதற்குப் புரோகிராம் செய்து சி.டி.யாக விற்கிறார்கள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து இவனே ஆரம்பித்தது. என் இடம் வாசல் நாற்காலி. சம்பளம் இல்லை. மரியாதை உண்டு.

வாரம் ஒரு பாடம் வெள்ளைப் பலகையில் எழுதுவான். தலைவனாக இருப்பது எப்படி என்று. இன்றைய பாடத்தை எழுத்துக்கூட்டி நானே வாசித்துவிட்டேன்:

சேர்க்கும்போது யோசி. அனுப்பும்போது யோசிக்காதே.

எவ்வளவு அழகான எழுத்து. ‘யோ’ இரண்டு இடத்தில்.

பாடத்துக்குக் கீழே, ஊர் ஊராகப் போய்ச் சி.டி. வாங்கக் கடை பிடிக்கிறவர்களின் பெயர்கள். அதிகம் பிடித்தவன் மேலே. கடைசிப் பெயருக்குச் சிவப்புப் புள்ளி. அடுத்தடுத்து இரண்டு திங்கள் புள்ளி வாங்கினால், மூன்றாவது திங்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன மாதம் பசுவந்தனை ஊர்ப் பையன் ஒருவன் போனான். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். டீ கொண்டு வருகிறவனுக்கு வழி விட்டு உட்கார்ந்து அழு என்றேன். நகர்ந்து உட்கார்ந்தான். சொன்ன பேச்சு கேட்கிற பையன்தான்.

இன்று இரண்டாவது புள்ளி வாங்கியவர் என் மருமகன் முருகேசன். மகள் பேச்சியின் வீட்டுக்காரர்.

மருமகன் ஒரு கடைக்குப் போனால் பொழுது சாயும்வரை அங்கேயே. மவுசைத் தொடப் பயப்படுகிற அண்ணாச்சியின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். மற்றவர்கள் சி.டி.யை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் மருமகன்தான். தினம் சாயங்காலம் சைக்கிளில் வருவார். நான் அவசரப்பட்டால், “ஏன் மாமா பறக்குதீய? ‘ழ’ எங்கனயும் ஓடிப் போயிராது” என்பார்.

நல்ல மனிதர். கடைசிப் பெயர்.

எனக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம். ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஆவணி 5, செவ்வாய்

வாங்க வேண்டியவை: நீல ரீபில். வெற்றிலை. பல் வலிக்குக் கிராம்பு. பேத்தி காதுகுத்துக்கு எனக்கு ஒரு வேட்டி. வருகிற ஞாயிறு, எங்கள் சாஸ்தா கோயிலில்.

மத்தியானம் செல்வம் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இப்படி உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று.

“யப்பா, மந்தையில இருந்து ஆடு கழிக்கும்போது எதக் கழிக்கணும்னு எப்படித் தெரியும்?”

“மூஞ்சியப் பாத்தா ஒண்ணையும் கழிக்க ஏலாதுப்பா. வாயப் பிளந்து பல்லப் பாக்கணும். பல்லு போயிட்டா யாவாரி கையில பிடிச்சுக் குடுத்திரணும்.”

“பாவமா இருக்காதா?”

“இருக்கும். அவன் கொண்டுபோன பெறவு இருந்துட்டுப் போகட்டும்.”

விழுந்து விழுந்து சிரித்தான். சாயங்காலம் பலகையில் பார்க்கிறேன்:

முகத்தைப் பார்க்காதே. பல்லைப் பார்.

அடியில் ‘அப்பா’ என்று வேறு எழுதியிருந்தான். என் வாயிலிருந்து வந்தது, சுவரில், எழுத்தாக. போய்ப் போய் வாசித்தேன். பக்கத்து மேஜைப் பெண்ணையும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டே நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆவணி 7, வியாழன்

வெயில். கிராம்பு பலன் இல்லை.

பேச்சி வந்தாள். வந்தவள் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

“யப்பா, தம்பிகிட்ட பேசுதீயளா, இல்ல நான் பேசட்டா?”

“ஆபீஸ் விசயம் தாயி. நமக்கு என்ன தெரியும்?”

“அவியளுக்கு இந்த வேலை போச்சுன்னா திரும்பத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகணும். குச்சிய மருந்துல முக்குற எடம். போன தடவையே நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கெடந்தாவ. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன்.

“அப்ப கேட்டுக்கோங்க. அவிய வேலை நிக்கும்னு அவன் சொல்லணும். சொல்லலன்னா பிள்ளைய அவன் மடியில வைக்க மாட்டேன். சனம் பூரா பாக்கட்டும்.”

இது பெரிய மிரட்டல். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமனோடு மனத்தாங்கல் இருந்தால் வைக்க மாட்டார்கள். அது அவனுக்குச் சாகும்வரை சொல்லிக்காட்டுகிற அவமானம். வைத்துவிட்டாலோ, மனத்தாங்கல் அதோடு தீர்ந்தது. பிறகு எந்தப் பேச்சையும் கிளறக் கூடாது. எங்கள் வழக்கம் இது. இதில் சென்னையிலிருந்து ஒரு முதலாளி வேறு வருகிறார். செல்வத்தின் கம்பெனியில் பணம் போடலாமா என்று யோசிக்கிறவர். கிராமத்துக் காதுகுத்து பார்க்க வேண்டுமாம்.

பேச்சி என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். ஆடு மேய்த்த நாளில் ஒருவரும் என்னிடம் எதற்காகவும் கெஞ்சியதில்லை. பொய் சொல்லக் கூடாது. சுகமாகத்தான் இருந்தது.

ஆவணி 8, வெள்ளி

செல்வத்திடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

“சரின்னு சொல்லிருங்கப்பா.”

“நெசமாவே சரியா?”

“நீங்க சொல்லுங்க. நான் சொன்னேன்னு நான் சொல்லல.”

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பிரமித்துவிட்டேன். இதைப் பலகையில் எழுதக் கூட மாட்டான். எழுதாத பாடம்.

எழுந்து போகும்போது, “யப்பா, திங்கக்கிழமை கூட்டத்துல பலகைய நீங்களே வாசிங்களேன். எல்லாருக்கும் முன்னால” என்றான்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என் ஆசை? தலைவன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்கிறான்.

நேராகப் பேச்சி வீட்டுக்கு நடந்தேன். “தம்பி சரின்னுட்டான்.” சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கருப்பட்டிக் காப்பி. இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

மருமகன் மட்டும் கேட்டார்: “அவரு வாயால சொன்னாரா மாமா?”

“ஆமா மாப்ள.”

திங்கட்கிழமை நான் வாசிக்கப்போவதைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். செய்தித்தாளை விரித்து என்னை நிற்க வைத்து வாசிக்கச் சொன்னார். “குனியாதீங்க. வார்த்தை முடியிற எடத்துல மூச்சு விடுங்க. சிக்குனா நின்னுருங்க, தப்பில்ல.” இருட்டுகிறவரை ஒத்திகை.

ஆவணி 10, ஞாயிறு

கோயில். நல்ல கூட்டம். காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

செல்வம் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்திருந்தான். தாம்பாளத்தில் அவன் வாங்கி வந்த தங்கத் தோடு. சென்னைக்காரர் காமிராவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார்.

பேச்சி பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

“ஏலே, அப்பா சொன்னது நெசந்தானா?”

செல்வம் சிரித்தான். “அப்பா பொய் சொல்லுவாவளாக்கா?”

சனம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி, “சொல்லும்யா, வாயில கொழுக்கட்டையா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். புது வேட்டி. என் வாழ்க்கையில் இத்தனை பேர் என் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை.

பிள்ளையை மடியில் வைத்தாள்.

அது கத்திய கத்து. மருமகன்தான் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். “முடிஞ்சு போச்சு, முடிஞ்சு போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னொரு காது பாக்கி இருந்தது.

சாப்பிட்டவை: கிடாக்கறி, எலும்புக் குழம்பு, ரசம். மோர் புளிப்பு. சென்னைக்காரர் மூன்றாவது முறையும் கறி கேட்டார். பணம் போடுவார் என்று நினைக்கிறேன்.

ஆவணி 11, திங்கள்

வாசித்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுகிறேன். குளித்து, நேற்றைய வேட்டி, சட்டைப் பையில் பேனா. எல்லோரும் நின்றார்கள். மருமகன் கடைசி வரிசை. எனக்குத் தைரியம் வர லேசாகத் தலையசைத்தார். பலகை மேல் துணி போட்டிருந்தது. செல்வம் துணியை எடுத்தான்.

“தலைவன் கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவதில்லை.” சிக்காமல் வந்துவிட்டது. ‘தள்ளிப்போடுவதில்லை’ எவ்வளவு நீளம். ஒரே மூச்சு.

அடுத்த வரி. “இன்றோடு விடைபெறுபவர்.” இதுவும் வந்தது. அதற்கடுத்து ஒரே பெயர்.

எனக்கு முன்பே தெரியாதா என்றால், தெரியும். ஆனால் தெரிவது வேறு, எழுத்தில் பார்ப்பது வேறு. ‘மு’ சொன்னேன். ‘ரு’ சொன்னேன். அங்கே நின்றுவிட்டது. எழுத்து தெரிகிறது, வாய் வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். செல்வம் கடிகாரத்தைப் பார்த்தான்.

பின்வரிசையிலிருந்து மருமகன் மெதுவாகச் சொன்னார். “கேசன், மாமா. முருகேசன்.”

“முருகேசன்” என்று வாசித்து முடித்தேன்.

அப்புறம் செல்வம், “எழுபது வயசுல எழுத்து படிச்ச மனுசன். ஒரு கைதட்டு குடுங்க. இதான் முயற்சி” என்றான். எல்லோரும் தட்டினார்கள். எனக்காக. கைதட்டு என்றால் முகத்தில் தண்ணீர் அடிப்பது போல இருக்கிறது.

மருமகனும் தட்டினார். பார்த்தேன்.

பிறகு மேஜையைத் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். செல்வம்தான் கூப்பிட்டு, “அத்தான், வீட்டுல நான் உங்க மச்சான். இங்கன அத்தான் கிடையாது. மனசுல வச்சுக்கிடாதீய” என்றான். மருமகன், “ஓட்டப்பிடாரம் அண்ணாச்சிக்கு இன்னும் பிரிண்ட் எடுக்க வரல. யாரையாச்சும் அனுப்புங்க” என்று மட்டும் சொன்னார்.

வெளியே போகும்போது என்னிடம் நின்றார். “ஒத்த எடத்துலதான் மாமா சிக்குனீய.”

ஆவணி 13, புதன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

செவ்வாய் சாயங்காலம் மருமகன் வரவில்லை. ‘ஔ’ பாதியில் நிற்கிறது.

இன்று காலை பேச்சி ஆபீஸ் மாடி ஏறி வந்தாள். இடுப்பில் பிள்ளை. காதில் தோடு இல்லை. இரண்டு துளையிலும் வேப்பங்குச்சி. ஆறாத துளையிலிருந்து தோட்டைக் கழற்றியிருக்கிறாள். காது வீங்கி, ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

தோட்டை என் கையில் வைத்தாள். “உங்க மவன்ட்ட குடுத்துருங்க.”

“பிள்ளைக்கு வலிச்சிருக்குமே தாயி.”

“வலிச்சுது. கத்துனா. நான்தான் கழட்டுனேன். நான் யாரு மவ?”

மேஜையில் எல்லோரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பழக்கம்.

“வாசிச்சீயளாமே” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அவியதான். இன்னைக்கு விடிய மருந்து முக்கப் போறதுக்கு முன்னால. மாமா கணீர்னு வாசிச்சாவ, நான் சொல்லிக் குடுத்ததுன்னு சிரிக்காவ.” பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். “இனிமே சாயங்காலம் வர மாட்டாவ. என் வாசப்படிய நீங்களும் மிதிக்காதீய.”

பிள்ளையிடம் கையை நீட்டினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கணீர் என்று வாசித்தேனாம். மருமகன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர்.

மத்தியானம் செல்வத்திடம் தோட்டைக் கொடுத்தேன். மேஜை இழுப்பில் போட்டான். சென்னைக்காரர் பணம் போடச் சம்மதித்துவிட்டாராம். இனி இரண்டு புள்ளி கிடையாது, ஒரே புள்ளி போதும் என்று அவர் யோசனை. ‘ஔ’ எப்படி முடிப்பது என்று கேட்டேன். “அதெல்லாம் யாருப்பா எழுதுதா, விடுங்க” என்றான்.

வருகிற திங்களும் வாசிப்பு எனக்குத்தான். இந்தத் தடவை சிக்கக் கூடாது. அதனால் பெயரை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரேவதி. புதியம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. மூன்றே எழுத்து. சாயங்காலத்துக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.